கறுப்பு பீருக்கான பை

கஞ்சா கடத்தினால் தூக்கு என்றிருந்த எழுபதுகளின் இறுதியில், ஈப்போவிலிருந்து காம்பார் போன எங்கள் பஸ்ஸைப் போலீசார் நிறுத்தினார்கள். நான் ஏறும்போதே என் இருக்கைக்கடியில் கிடந்த பையை அவர்கள் திறந்தபோது, அதில் காய்ந்த பச்சைப் பூக்களும் கருகிய தானியமும் ஏதோ தூளும் இருந்தன.

"இது யாரோடது?" என்று தமிழ்ப் போலீஸ்காரர் என்னைத்தான் அதட்டினார்.

கழுத்துவரை சட்டைப் பித்தான் போட்டிருந்த பக்கத்து இருக்கைக்காரர் எழுந்தார். எஸ்டேட் துரை வீட்டுச் சமையல்காரராம்.

"என் பைதான் சார். தொர கறுப்பு பீர் காய்ச்சுவாரு. இது கருக வறுத்த பார்லி, இது கசப்புக்கு ஹாப்ஸ் பூ, இது புளிக்க வைக்க ஈஸ்ட். இனி தண்ணி ஊத்திக் காய்ச்சுனா போதும்லா."

ஒவ்வொன்றையும் வாயில் போட்டு மென்று காட்டினார். போலீஸ்காரர் பூவை முகர்ந்தார், பார்லி மென்று கறுத்த சமையல்காரரின் பற்களை வெகுநேரம் பார்த்தார், பிறகு இறங்கிப் போனார்.

"பேசாம இருந்திருந்தா தப்பிச்சிருப்பீங்களே, அண்ணே?" என்றேன்.

"ஒங்களப் புடிச்சிருப்பாங்களே, தம்பி."

காம்பாரில் இறங்கிய பிறகும் போலீஸ் பின்னால் வருகிறதா என்று அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். அவ்வளவு பயந்தவர் எப்படி எழுந்து நின்றாரோ, எனக்கு இன்றும் விளங்கவில்லை.