இடது காலும் வலது காலும்

ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலையின் மாடியில் எனக்கு வேலை. தோல் வெட்டும் பிரிவுக்கான அட்டைகளை அச்சிடும் கணினி நிரலை நானும், என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருவனும் பார்த்துக்கொள்கிறோம். எந்தத் தோலிலிருந்து எந்தத் துண்டை வெட்டினார்கள் என்பதை அந்த அட்டைதான் சொல்லும். போன வருடம் தம்பிக்குக் கல்யாணம். பத்து நாள் லீவு போட்டுவிட்டுச் சொந்த ஊரான கலவைக்குப் போய்விட்டான்.

அவன் போன நான்காம் நாள் காலையில், வெட்டும் பிரிவின் சூப்பர்வைசர் மாடியேறி வந்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். வீட்டில் உருது, இங்கே தமிழ், கோபம் வந்தால் இரண்டும். என் மேஜைமேல் ஒரு ஜோடி ஷூவை வைத்தாள்.

"இன்னாக்கா இது? ஒரு கால் காலைல மாதிரி இருக்குது, இன்னொரு கால் சாயங்காலம் மாதிரி இருக்குது."

உண்மைதான். இடது ஷூ வெளிர் பழுப்பு, வலது ஷூ காப்பிக்கொட்டை நிறம். கீழே இதுபோல நூற்றுச் சொச்சம் ஜோடி இருப்பதாகச் சொன்னாள்.

"உங்க அட்டைலதான் எதுவோ ஆயிருக்குது."

"அட்டைய யாரும் தொடலையேம்மா" என்றேன். சொன்ன பிறகுதான் ‘கிட்’ (Git) என்ற மென்பொருளைத் திறந்தேன். நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் அது நாள் வாரியாகச் சேர்த்து வைத்திருக்கும். என்ன மாற்றினோம் என்று ஒரு வரி எழுதிவைப்பது எங்கள் கடமை. நாங்கள் எழுதியிருந்த வரிகள்: "சரி செய்தது", "மறுபடி சரி செய்தது", "இப்போ நிஜமாகவே சரி". இதை வைத்துக்கொண்டு கடவுளாலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

அதனால் அந்த மாதம் மாறியிருந்த நிரல் வரிகளையே ஒவ்வொரு மாற்றமாக நகலெடுத்து ஏஐயிடம் கொடுத்து, தமிழில் விளக்கச் சொன்னேன். அவளும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டாள். விளக்கங்களை உரக்கப் படித்தேன். முதல் ஐந்தும் எழுத்தின் அளவு, காகிதத்தின் ஓரம் என்று சாதுவாக இருந்தன. ஆறாவது இப்படி வந்தது: "இந்த மாற்றம், அட்டையில் ஒரே தோல் எண் இரண்டு முறை அச்சாவதைத் தவிர்க்கிறது. இதனால் அட்டை தெளிவாகிறது."

"நல்ல மாற்றமாத்தான் இருக்குது" என்று அடுத்ததற்குப் போனேன்.

"நில்லுக்கா. ஒரே நம்பரு ஏன் ரெண்டு தடவ வருதுன்னு அது கேட்டுச்சா?"

"இல்ல."

"கால் ரெண்டு இருக்குதுக்கா!"

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். ஒரு தோலைப் போல இன்னொரு தோல் நிறம் பிடிக்காது. அதனால் இடதையும் வலதையும் ஒரே தோலில் வெட்டுவார்கள். தைக்கும் பிரிவு அந்த எண்ணைப் பார்த்துத்தான் ஜோடி சேர்க்கும். வலது துண்டுக்கான எண் அட்டையில் இல்லாமல் போனதால், அளவை மட்டும் பார்த்துச் சேர்த்திருக்கிறார்கள். ஏஐ சொன்னதில் பொய்யில்லை. நிரலில் என்ன நடந்தது என்பதைச் சரியாகவே சொல்லியிருந்தது. காலைப் பற்றி அதற்கு யாரும் சொல்லவில்லை.

எனக்கு ஆத்திரம் வந்தது. தம்பிக்குப் போன் போட்டேன். புது மனைவியோடு அமிர்தியில் இருந்தான். அருவிச் சத்தத்துக்கு மேலே கத்தினேன்.

"ஏம்ப்பா, அட்டையில நம்பர எடுக்கச் சொன்னது யாரு?"

"எந்த நம்பருக்கா? மாத்துனவங்க பேரு மேலயே இருக்குமே, பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. நிரல் வரிகளை மட்டுமே நகலெடுத்திருந்தேன். இப்போது பார்த்தேன். என் பெயர். அட்டை அழகாக இல்லையே என்று ஒரு மத்தியானம் நானே எடுத்தது. சத்தியமாக நினைவே இல்லை.

"என்னாச்சுக்கா?" என்றான் தம்பி.

"ஒண்ணுமில்லப்பா. அருவி நல்லாருக்குதா?"

போனை வைத்ததும் அவளிடம் ஒப்புக்கொண்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "வாங்க கீழ, ஜோடி சேர்க்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

அன்று மத்தியானம் முழுக்க நானும் நான்கு பெண்களும் ஜன்னலோர மேஜையில் ஷூக்களைப் பரப்பி வைத்து நிறம் பார்த்துச் சேர்த்தோம். எனக்கு எல்லாப் பழுப்பும் ஒரே பழுப்பு. நான் சேர்த்த முதல் மூன்று ஜோடிகளை அவர்கள் உடனே பிரித்துவைத்தார்கள். நான்காவது ஜோடிக்குக் கை தட்டினார்கள். ஏழெட்டு ஷூவுக்கு மட்டும் துணையே கிடைக்கவில்லை.

நிரலில் எண்ணைத் திரும்பச் சேர்த்தேன். அதன் மேலே காரணத்தையும் தமிழில் எழுதினேன். அவள் சொல்லச் சொல்ல எழுதியது. "இடதும் வலதும் ஒரே தோல். இந்த நம்பர எடுத்தா நான் மாடிக்கு வருவேன்."

இப்போது வியாழக்கிழமைதோறும் அவள் தானாகவே வருகிறாள். அந்த வாரத்து மாற்றங்களை ஏஐ விளக்க, நான் படிக்க, அவள் கேட்டுவிட்டுத் தலையாட்டிய பிறகே அவை கீழே வெட்டும் பிரிவுக்குப் போகின்றன. போன வாரம் ஒன்றை நிறுத்திவிட்டாள். அது தம்பி செய்தது. பெயரை முதலிலேயே பார்த்துக்கொண்டேன்.