முப்பது நொடிக்குள் பிறந்தவர்கள்

நெரெய்தாவுக்குக் கிழக்குக் கியூபாவின் மலையடி ஊர் ஒன்றில், பிறப்புப் பதிவு அலுவலகத்தில் வேலை. அவள் ஜன்னலைத் திறக்கும் முன்பே வாசலில் "கடைசி யாரு?" என்ற கேள்வி தொடங்கிவிடும். எங்கள் ஊர்ப்பக்கம் வரிசை போட அது போதும். யாருக்குப் பின்னால் வந்தோம் என்று தெரிந்துகொண்டு காப்பி குடித்துவிட்டு வந்தாலும் இடம் இருக்கும்.

நான் மாகாணக் கணினி மையத்தில் தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு தேடல் முப்பது நொடியைத் தாண்டினால் அறுந்துவிட வேண்டும் என்று வரம்பு வைத்தது நான்தான். இல்லையென்றால் எல்லா ஊர் ஜன்னல்களும் சேர்ந்து நின்றுபோகும். பிறந்த ஆண்டைக் கொடுத்தால் பதிவு உடனே வந்துவிடும். ஆண்டு தெரியாதவருக்கு மொத்தத்தையும் துழாவ வேண்டும். நெரெய்தாவிடம் வருபவர்களில் பாதிப்பேர் காப்பித் தோட்டங்களில் பிறந்து, எப்போதோ கீழே இறங்கியபோது பதியப்பட்டவர்கள். என் அப்பாவும் அப்படித்தான். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான்; நான் வைத்த வரம்புக்குள் அவர்கூட அகப்படமாட்டார். இதற்கா படித்தேன்?

சென்ற வியாழன் நெரெய்தா போன் செய்தாள்.

"பொண்ணே, ஒவிதியோன்னு ஒரு பெரியவர். நாளைக்குக் கண் ஆபரேஷன். அடையாள அட்டை தொலஞ்சுபோச்சு, பிறப்புப் பதிவு இல்லாம சேத்துக்கமாட்டாங்களாம். உன் மெஷின் மூஞ்சியில கதவச் சாத்திக்கிட்டே இருக்கு."

"எந்த வருஷம்னு தெரியாதாக்கா?"

"புயல் அடிச்ச வருஷமாம். இங்க எந்த வருஷம்டி புயல் அடிக்கல?"

பின்னாலிருந்து கிழவரின் குரல் கேட்டது: "பெரிய புயல்னு சொல்லு மகளே."

அவள் ஜன்னலுக்கு மட்டும் வரம்பை எடுத்துவிட்டேன். தேடல் ஓடியது. சற்று நேரத்தில் மற்ற ஊர்களிலிருந்து போன்கள் அலறின. மேலாளர் லிசாந்திரோ என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"ஒருத்தருக்காக மாகாணத்தையே நிறுத்தி வெப்பியா? வெட்டு. சாயங்காலம் ஓட்டிக்க."

"சாயங்காலம் கரண்ட் இருக்காது சார். இன்னும் கொஞ்ச நேரம்..."

"எவ்வளவு நேரம்?"

அதை அந்தத் தேடல் சொல்வதில்லை. பாதியில் இருக்கிறதா, கடைசிப் பெயரில் இருக்கிறதா என்று எனக்கும் தெரியாது. வெட்டினேன்.

"கெடைக்கிற மாதிரி இருந்துச்சா?" என்றாள் நெரெய்தா.

"தெரியலக்கா."

அவள் திட்டவில்லை. போனை வைக்கவும் மறந்துவிட்டாள். "பெரியவரே, வெளிய உக்காந்து வேற ஏதாவது ஞாபகம் வருதான்னு பாருங்க" என்று அவள் சொல்வது கேட்டது. அங்கே நாற்காலி நகரும் சத்தம். பிறகு வாசலிலிருந்து அவர் குரல்:

"கடைசி யாரு?"

யாரோ பதில் சொன்னார்கள்.