சுவரில் மாட்டிய கப்பல்காரன்

என் மனைவியின் மாமன் மகன் சரக்குக் கப்பல் கேப்டன் என்றும், சண்டை முடிந்த மறுநாளே மலாக்காக் கடலில் நங்கூரம் போட்டுவிட்டு, ஊருக்குள் எங்கள் வீடு இருந்த காஜா பெராங்குக்கு நடந்து வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான் என்றும் மலாயாவை ஜப்பான்காரன் பிடித்து வைத்திருந்த காலத்தில் நான் மனதார நம்பினேன். அப்போது எனக்கு முப்பது வயது. இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டதால் தைரியமாக எழுதுகிறேன்.

ஆதாரம் ஒரு போட்டோ. சண்டைக்கு முன்பு சிங்கப்பூரிலிருந்து அவன் அனுப்பியது. பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைக் கோட்டு, கையில் தொப்பி. மாமியார் அதைச் சரியாக என் தையல் மெஷினுக்கு எதிரே மாட்டியிருந்தார். முறைப்படி அவளைக் கட்டியிருக்க வேண்டியவன் அவன். கப்பலேறிப் போனதால் நடுவில் நான் புகுந்தேன். துணி கிடைக்காத அந்த நாட்களில் நான் கோணிச்சாக்கில் காற்சட்டை தைப்பேன்; அவன் பொத்தான் மின்ன என்னைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

"எங்க அண்ணன் மவன் மட்டும் இங்க இருந்தா, இந்தக் கிழங்கத் திங்கிற கதி நமக்கு வந்திருக்காது" என்பார் மாமியார், மரவள்ளியைத் தோலுரித்தபடி.

"ஆமா அத்தை, கப்பலையே வாசல்ல கட்டியிருப்பாரு."

மனைவி சிரிப்பாள். அந்தச் சிரிப்பு என் பக்கமா, சுவர்ப் பக்கமா? எனக்கு அதுதான் உயிர்ப் பிரச்சினை. ஒருநாள் கேட்டேவிட்டேன். "அவரு திரும்பி வந்தா நீ போயிடுவியா?"

"கேக்குற கேள்வியப் பாரு! அந்தச் சாக்க முடிங்க மொதல்ல."

இது ஒரு பதிலா? மூன்று நாள் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. விமானச் சத்தம் கேட்டால் ஊரே பதுங்கும். நான் மட்டும் அவன்தானோ என்று எட்டிப் பார்ப்பேன். கப்பல்காரன் எதற்கு ஆகாயத்தில் வருகிறான் என்று யோசிக்கப் பொறாமை இடம் கொடுக்கவில்லை.

மலாக்காவிலேயே தெங்கேராப் பக்கம், கப்பலில் சமையல் வேலை பார்த்துவிட்டு வந்த ஒருவர் இருப்பதாக வாடிக்கைக்காரர் சொன்னார். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி எல்லாரும் அவரை 'நானா' என்றுதான் கூப்பிடுவார்களாம். போட்டோவைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு கிளம்பினேன். வழியில் ஜப்பான் காவல் சிப்பாய். அவர்களைக் குனிந்து வணங்காவிட்டால் அறை விழும். எதிரிக் கப்பல் கேப்டனை நெஞ்சில் வைத்துக்கொண்டு நான் குனிந்த குனிவில் நெற்றி முழங்காலைத் தொட்டது. நிமிரப் பயந்து இன்னொரு தரமும் குனிந்தேன். சிப்பாய்க்கே சிரிப்பு வந்து, போ போ என்று விரட்டினான்.

நானா படத்தைப் பார்த்ததும் தொடையைத் தட்டினார். "அட, ஸ்டூடியோக்காரன் கோட்டுல்ல இது! நானும் இதப் போட்டுத்தான் ஊட்டுக்குப் படம் அனுப்புனேன். கப்பல் ஆளுங்க அத்தனை பேருக்கும் இந்த ஒரு கோட்டுதான்."

அப்போதுதான் பார்த்தேன். தோள் தையல் முழங்கைக்குப் பக்கத்தில் தொங்கியது. கோட்டுக் கையோ விரல் நுனிவரை. இதைத் தினமும் பார்த்து வயிறெரிந்தவன் ஒரு தையல்காரன்.

"அப்ப கேப்டன் இல்லையா, நானா?"

"கேப்டனா! கொதிகலனுக்குக் கரி அள்ளுன பய. எங்க கப்பல்தான்."

வந்த காரியத்தைக் கேட்டேன். "அத்தை மகளைப் பத்தி ஏதாச்சும் சொல்லுவாரா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீதான் அந்தத் தையல் அண்ணனா? 'சிரிக்கச் சிரிக்கப் பேசுறாராம், அவளுக்கு ஒரு கொறையுமில்ல'ன்னு அத்தை காயிதம் போட்டிருந்தாங்களாம். எல்லார்கிட்டயும் படிச்சுக் காமிச்சான். கல்யாணத்துக்கு வர முடியலன்னுதான் அவனுக்கு வருத்தம்."

என் மாமியாரா! எனக்கு வந்த சந்தோஷத்தில், அவனைப் பற்றி அவர் பேசியதெல்லாம் இறந்தகாலத்திலேயே இருந்தது காதில் ஏறவில்லை. "எப்ப வருவாரு?" என்றேன். வரட்டும் என்று நினைத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை.

நானா படத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவன் அத்தை வீடு மலாக்காவில் எங்கே என்று தெரியாததால்தான் யாரிடமும் வந்து சொல்லவில்லை என்றார்.

சிங்கப்பூர் விழுவதற்குச் சில நாள் முன்பு, துறைமுகத்துக்கு வெளியே அந்தக் கப்பலில் குண்டு விழுந்தது. மேல்தளத்தில் இருந்த நானா கடலில் குதித்தார். கொதிகலன் அறையில் இருந்தவர்கள் யாரும் மேலே வரவில்லை. அவனுக்கு இருபத்து நான்கு வயது.