துண்டுக்கடியில் ஒரு பட்டப்படிப்பு

பத்திரிகைப் படிப்பு படித்தே தீருவேன் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்கு யானைதான் காரணம். சிரிக்காதீர்கள், நிஜத்தைத்தான் சொல்கிறேன். தேன்கனிக்கோட்டையைத் தாண்டி, காட்டை ஒட்டி எங்கள் நிலம். ஒரு வருஷம் கார்த்திகையில் யானைக் கூட்டம் இறங்கி, அறுப்புக்கு நின்ற ராகியை வழித்துத் தின்றுவிட்டுப் போனது. அப்பாவும் ஊர்க்காரர்களும் தகரத்தைத் தட்டித் தட்டிக் கை வீங்கி உட்கார்ந்திருந்தார்கள். சில நாள் கழித்து மெட்ராஸ் பேப்பரில் இரண்டு வரி வந்தது. காட்டுப்பன்றிகளால் லேசான பயிர்ச் சேதமாம்!

பன்றியாம்! லேசாம்! எனக்கு வந்த கோபத்தில் பேப்பரைச் சுருட்டி அடுப்பில் போடப் போனேன். அம்மா பிடுங்கிக்கொண்டாள். "எழுதத் தெரியாதவன் எழுதியிருக்கான். தெரிஞ்சா நீ எழுதேன் பாப்போம்" என்றாள். ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுக் களி கிண்டப் போய்விட்டாள். நான் அதையே பிடித்துக்கொண்டேன்.

அப்போது நான் பெங்களூரில் அத்தை வீட்டில் தங்கி இண்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தேன், லீவுக்கு ஊருக்கு வந்த சமயம் அது. எங்கள் ஊரிலிருந்து அந்தப் படிப்புக்குப் போன ஒரே பெண் நான்தான், அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. முடித்தபின் டீச்சர் டிரெய்னிங் போகவேண்டும் என்பது வீட்டில் முன்பே முடிவான விஷயம். சர்க்காரே கைச்செலவுக்குப் பணம் கொடுக்கும், முடித்ததும் வேலை. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வாய்ப்பாட்டைச் சத்தம் போட்டுச் சொல்லும் பிள்ளைகள் நடுவில் பிரம்போடு நான் நிற்பதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. பிள்ளைகளை நினைத்தாலும் பாவமாக இருந்தது. என் கோபத்துக்கு அந்தப் பிரம்பு ஒரு வாரம் தாங்காது.

சரி, பத்திரிகைப் படிப்பு எங்கே இருக்கிறது? யாருக்கும் தெரியவில்லை. அப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்பதையே பாதிப் பேர் நம்பவில்லை. "பேப்பர்ல எழுதறதுக்குப் படிப்பு எதுக்கு, பேனா இருந்தா போதாதா?" என்று கேட்ட சித்தப்பா, ஒரு வாரத்தில் ஒரு விளம்பரத்தோடு வந்து நின்றார். தபால் மூலம் பத்திரிகையாளர் ஆகலாம், வீட்டிலிருந்தபடியே, மிகக் குறைந்த செலவில். சித்தப்பாவுக்கு அந்தக் கடைசிப் பகுதி ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அப்பா அதை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "ஏம்பா, தபால்ல நீச்சல் கத்துக்கிட்டு நீ கெணத்துல குதிப்பியா?" என்று சித்தப்பாவைக் கேட்டார். சித்தப்பா அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மெட்ராஸில் விசாரித்தோம். அங்கே முதலில் ஒரு பட்டம் வாங்கி, அதற்குமேல்தான் இந்தப் படிப்பு என்றார்கள். இத்தனை வருஷம் மெட்ராஸ் ஹாஸ்டலில் வைத்துப் படிக்கவைக்க எங்கள் ராகிக் காட்டுக்கு முடியாது. அப்புறம்தான் மைசூர் அகப்பட்டது. அங்கே ஒரு காலேஜில் பி.ஏ. படிப்பிலேயே பத்திரிகைத் துறையை ஒரு பாடமாகப் புதிதாக வைத்திருக்கிறார்கள், பெண்களையும் சேர்க்கிறார்கள் என்று அத்தை வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரர் சொன்னார். பெங்களூர் போய் ரயிலேறினால் மைசூர். எனக்குக் காலே தரையில் நிற்கவில்லை.

ஒரே ஒரு சிக்கல். அந்த வருஷம் எங்கள் உழவு மாட்டில் ஒன்று செத்துப்போயிருந்தது. ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு ஏர் பூட்ட முடியுமா? ஆனி பிறந்துவிட்டது, மழை வேறு தொடங்கிவிட்டது. அப்பாவிடம் இருந்த பணம் ஒரு நல்ல மாட்டுக்கும் அதற்குமேல் கொஞ்சத்துக்கும் காணும். அந்தக் கொஞ்சத்துக்குள் காலேஜ் அடங்கினால் நான் மைசூர், அடங்காவிட்டால் டீச்சர் டிரெய்னிங். திரும்பி வரும்போது ஓசூர்ச் சந்தையில் மாட்டைப் பிடித்துக்கொண்டு வருவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு, மொத்தப் பணத்தையும் இடுப்பில் முடிந்துகொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு அப்பா மைசூருக்குக் கிளம்பினார்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பேரம் பேசாமல் அவர் எதையும் வாங்கியதில்லை. கீரைக்காரியிடம் பேசுவார், உப்பு வண்டிக்காரனிடம் பேசுவார். ஒருமுறை பஸ் கண்டக்டரிடம்கூடப் பேசிப் பார்த்தார். மாட்டிடம் தெலுங்கு, தரகரிடம் கன்னடம், வீட்டில் தமிழ் என்று மூன்று பாஷையிலும் பேரம் வரும். "சொன்ன விலைக்கு வாங்கறவன் வித்தவனை அவமானப்படுத்தறான்" என்பது அவர் கொள்கை.

மைசூரில் காலேஜைப் பார்த்ததும் எனக்கு மூச்சு நின்றுவிட்டது, அவ்வளவு பெரிய கட்டடம். அப்பா அதையெல்லாம் அண்ணாந்து பார்க்கவில்லை. "கொம்பைப் பாத்து மாடு வாங்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, நேரே வராந்தாவில் நின்ற பையன்களிடம் போனார். எருமை வாங்கினாலும் கறந்தவனைக் கேட்கவேண்டுமாம். பத்திரிகைப் பாடம் எடுக்கிற வாத்தியார் எப்படி என்று கன்னடத்தில் விசாரித்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"அவரா? வெயில்ல மார்க்கெட் மார்க்கெட்டா அலைய விடுவாரு. எழுதிட்டுப் போனா கிழிச்சுப் போட்டுட்டுத் திரும்ப எழுதச் சொல்லுவாரு" என்று ஒரு பையன் அழாத குறையாகச் சொன்னான். அப்பாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "வேலை வாங்கற ஆளு. இது தேறும், வா" என்று என்னை இழுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அந்தப் பேராசிரியர் ஒல்லியாக, கறுப்புக் கோட்டும் மைசூர்ப் பேட்டாத் தலைப்பாகையுமாக உட்கார்ந்திருந்தார். என் மார்க்கைப் பார்த்தார், இரண்டு கேள்வி கேட்டார். இடம் இருக்கிறது என்றார். பிறகு செலவைச் சொல்ல ஆரம்பித்தார். பீஸ், ஹாஸ்டல், சாப்பாடு, அதற்கும்மேல் நாங்கள் மெட்ராஸ் ராஜ்ஜியத்துக்காரர்கள் என்பதால் ஒரு கூடுதல் பீஸ். எங்கள் ஆடு தினமும் மைசூர் ராஜ்ஜியத்தில் மேய்ந்துவிட்டு வந்து மெட்ராஸ் ராஜ்ஜியத்தில் பால் கறக்கும். அதற்கெல்லாம் யாரும் கூடுதல் கேட்டதில்லை. இங்கே கேட்டார்கள். எல்லாம் கூட்டினால் மாட்டுப் பணமும் சேர்ந்து போய்விடும்.

அப்பா பதறவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, வலது கையின்மேல் போட்டு மூடி, மேஜைக்கு மேலே பேராசிரியரிடம் நீட்டினார்.

"என்ன இது?" என்றார் பேராசிரியர்.

"கை குடுங்க சாமி. நமக்குள்ளேயே முடிச்சுக்கலாம். வெளியே ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம்" என்றார் அப்பா, நல்ல கன்னடத்தில், மிகுந்த மரியாதையோடு.

ஐயோ! அந்த மனிதர் முகம் சிவந்ததைப் பார்க்கவேண்டுமே! நாற்காலி பின்னால் சாய எழுந்து நின்றார். "என்னை யாருன்னு நெனச்சே? லஞ்சம் குடுக்க இந்த இடம்தான் கெடைச்சுதா? ரெண்டு பேரும் வெளியே போங்க! இந்தப் பொண்ணுக்கு இங்கே இடம் கெடையாது!" என்று கத்தினார்.

அப்பா கையை நீட்டியபடியே என்னைத் திரும்பிப் பார்த்தார். "இன்னும் வெரலையே புடிக்கலையே, அதுக்குள்ள ஏன் இவருக்கு இம்புட்டுக் கோவம்?" என்று தமிழில் என்னைக் கேட்டார். பாவம், அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

எனக்கோ அழுகையும் சிரிப்பும் கோபமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. கடைசியில் கோபம்தான் ஜெயித்தது. எப்போதும் அதுதான் ஜெயிக்கும். "உட்காருங்க சார்!" என்றேன். ஒரு பேராசிரியரைப் பார்த்து, சேருவதற்கு முன்பே! "துண்டை எடுத்துப் பாருங்க. அதுக்குள்ளே ஒரு காசு இருந்தா நாங்களே போயிடறோம்."

அவர் எடுக்கவில்லை. அப்பாவே துண்டை உருவி உதறிக் காட்டினார். கீழே அவருடைய காய்ப்புக் காய்த்த கையைத் தவிர ஒன்றுமில்லை.

பிறகு நான் மூச்சு விடாமல் சொன்னேன். எங்கள் பக்கத்து மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள் சார். விற்கிறவனும் வாங்குகிறவனும் துண்டுக்குள் கையைக் கோத்துக்கொள்வார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, எல்லா விரலையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. பத்தா நூறா என்பது மாட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். வேண்டாமென்றால் விரலை உருவிக்கொள்வார்கள். முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாது. ஊர்க்கதை பேசிக்கொண்டே இருப்பார்கள், உள்ளே விரல்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்.

"எதுக்கு மூடணும்?" என்று கேட்டார் அவர். எப்போது உட்கார்ந்தாரோ, நான் கவனிக்கவில்லை.

"கஷ்டம் வந்துதான் சார் பாதிப் பேர் மாட்டை விக்கிறான். எவ்வளவுக்கு எறங்கினான்னு சந்தை முழுக்கத் தெரிஞ்சா அவன் மானம் போயிடும். அதை மூடத்தான் துண்டு. உங்களுக்கும் மானம் போகக் கூடாதேன்னுதான் எங்கப்பா கதவைச் சாத்தினாரு."

பேராசிரியர் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். பேட்டா கோணிக்கொள்ள, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அப்பாவும் எதற்கென்று தெரியாமலே கூடச் சிரித்தார். பேராசிரியர் எழுந்து வந்து கைகூப்பி, "தப்பா நெனச்சுட்டேன், மன்னிக்கணும்" என்றார். "உங்க பொண்ணுக்கு இடம் உண்டு. ஆனா பீஸ் நான் வெச்சதில்லை. ஒரு அணா குறைக்க எனக்கு அதிகாரம் கெடையாது. என் வெரலைப் புடிச்சா என் சம்பளம்தான் கொறையும்."

வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தோம். நான் மனதைத் தேற்றிக்கொண்டேன். "விடுப்பா. நான் டீச்சர் டிரெய்னிங்குக்கே போறேன். நீ மாட்டை வாங்கு, மழை போயிடும்" என்றேன். அப்படி ஒன்றும் பெரிய தியாகி இல்லை நான். அந்தக் காலேஜை விட்டு எழுந்து போக எனக்கு உயிரே போனது.

அப்பா வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தார். "லஞ்சம்னு நெனச்சதும் எப்படி எழுந்தாரு பாத்தியா?" என்றார்.

"பாத்தேன். கத்தினதையும் கேட்டேன்."

"நானே பயந்துட்டேன். தலை நரைக்கிற வரைக்கும் சந்தையில நின்னுட்டேன். துண்டைப் பாத்துக் கையை நீட்டாத ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன்." துப்பிவிட்டு எழுந்தார். "அந்த ஆளுகிட்ட படி" என்றார்.

உள்ளே போனார். இடுப்பு முடிச்சை அவிழ்த்தார். கேட்டதைக் கேட்டபடி எண்ணிக் கொடுத்தார். அங்கிருந்த குமாஸ்தாவிடம் ஒரு வார்த்தை பேரம் இல்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஓசூரில் இறங்கியபோது சந்தை கூடியிருந்தது. அப்பா அந்தப் பக்கம் திரும்பாமல் தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டார். வழியெல்லாம் எனக்குப் பயம். சந்தோஷப்படலாமா கூடாதா என்றே தெரியவில்லை.

வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். புது மாடு வீட்டுக்குள் வரும்போது ஆரத்தி எடுத்துப் பொட்டு வைப்பது எங்கள் வழக்கம். மஞ்சள் தண்ணீர் கரைத்து, தட்டில் குங்குமமும் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எங்கள் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, மாடு எங்க?"

"வாங்கல" என்றார் அப்பா.

"காலேஜ்காரன் எம்புட்டுக் கொறைச்சான்?"

"கொறைக்கல. கேட்டதைக் குடுத்துட்டேன்."

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் கேட்டிராத வார்த்தை அது. பிறகு கொட்டகையில் தனியாக நின்ற மாட்டைப் பார்த்தாள். பிறகு என்னை. சரி, இன்றைக்குக் கச்சேரிதான் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கெழக்கால பாத்து நில்லுடி" என்றாள் அம்மா. எனக்குப் புரியவில்லை, நின்றேன். தட்டை எடுத்து என்னைச் சுற்றினாள். மாட்டு நெற்றிக்கு வைக்கிற அளவில் குங்குமத்தை அள்ளி என் நெற்றியில் அப்பினாள். "மாட்டுக்குக் கரைச்சதைச் சும்மா கீழே ஊத்தக் கூடாது" என்று அதட்டலாகச் சொன்னாள். அப்பா பக்கத்தில் நின்று சிரித்தார். நானும் சிரிக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை, ஓவென்று அழுதுவிட்டேன்.

"எதுக்குடி அழுவற? பக்கத்துக் காட்டுக்காரங்ககிட்ட மாட்டை எரவல் வாங்கி ஏர் பூட்டிக்கறோம், இல்லாட்டி மம்பட்டியால கொத்திப் போட்டுக்கறோம். நீ போயிப் படி" என்றாள்.