வெயில்பூவின் தலைப்பு எழுத்து

என் வீட்டுக்காரிக்கு ஆபீசில் 'இன்னொண்ணு' என்று பட்டப்பெயர். எதை வரைந்து முடித்தாலும் "இன்னொண்ணு போட்டுப் பாக்கறேன்" என்பாளாம். பெயர் வைத்தவர்கள் வீட்டுக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். கட்டில், நாற்காலி, ஃபிரிட்ஜ் கதவு, எங்கே திரும்பினாலும் ஒரே சொல், விதவிதமான எழுத்தில்: வெயில்பூ. உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே டீ குடித்தேன்.

அவள் வேலை பார்க்கும் நிறுவனம் புதிதாகத் தொடங்கிய மாத இதழ் அது. இத்தனை வருடம் உள்பக்கங்களையும் விளம்பரங்களையும் அடுக்கிக்கொண்டிருந்தவளிடம் முதல் தடவையாக அட்டையின் தலைப்பு எழுத்தை வரையக் கொடுத்திருந்தார்கள். ஆசிரியருக்குப் பிடிக்காவிட்டால் வேலை வெளியில் ஒரு விளம்பரக் கம்பெனிக்குப் போய்விடும். அதைச் சொல்லியேதான் கொடுத்தார்கள்.

அவள் மனசு ஒன்றில் போய் ஒட்டிக்கொண்டது. இழை மாதிரி மெல்லிய எழுத்து, வெள்ளைத் தாளில் இளமஞ்சள். நானும் அசந்துபோனேன். ஆனால் அவளுக்கென்று ஒரு பரீட்சை உண்டு. மாதிரியைத் துணிக் கிளிப்பில் பால்கனியில் மாட்டிவிட்டு, என் கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டு, என்னைத் தெருவின் எதிர்ச்சாரிக்கு அனுப்புவாள். கடைக் கயிற்றில் தொங்கும் இதழைக் கண் மங்கியவர்களும் படிக்க வேண்டுமாம். என்னைக் கட்டிக்கொண்டதில் அவளுக்குக் கிடைத்த ஒரே லாபம் இந்தக் கிட்டப்பார்வைதான்.

போய் நின்று பார்த்தேன். வெள்ளைத் தாள் தெரிந்தது. எழுத்து? ம்ஹூம். பொய் சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. அன்று முழுக்க என்னோடு பேச்சு கிடையாது. மறுநாள் அவளே மஞ்சளைப் பின்னால் பட்டையாக அடித்து, அதன்மேல் கருஞ்சிவப்பில் தடித்த எழுத்தை வைத்தாள். எதிர்ச்சாரியிலிருந்து தடங்கல் இல்லாமல் படித்தேன்.

ஆபீசில்தான் வம்பு. கோப்பில் கிடந்த பழைய மஞ்சள் எழுத்தைப் பார்த்த ஆசிரியர் அம்மாள், இதுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றிருக்கிறார். பழம் நழுவிப் பாலில் விழுந்த கதை. சரி என்று தலையாட்டிவிட்டு வர வேண்டியதுதானே? இவளோ கடையில் தெரியாது என்று மல்லுக்கு நின்றிருக்கிறாள். சாயங்காலம் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்:

"அப்ப வெளியில குடுத்துடறேன்னாங்க. குடுங்க மேடம், தெரியாத எழுத்த நான் குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

கைக்கு வந்த வேலை போச்சே என்றிருந்தது எனக்கு. கூடவே, சத்தியமாகச் சொல்கிறேன், நெஞ்சு நிமிர்ந்தது. அந்த மஞ்சளை எவ்வளவு ஆசை ஆசையாக வரைந்தாள் என்று எனக்குத்தானே தெரியும்.

அவள் சொன்னது ஆசிரியரை உறுத்தியிருக்க வேண்டும். இரண்டு மாதிரிகளையும் எடுத்துக்கொண்டு அவரே ஒரு கடைக்குப் போய்த் தொங்கவிட்டுப் பார்த்திருக்கிறார். மறுநாள் போனில், சிவப்பே இருக்கட்டும் என்றார். அவ்வளவுதான். பாராட்டாக ஒரு வார்த்தை? மகராசி வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமே!

முதல் இதழ் வந்த அன்று இருவரும் பேருந்து நிறுத்தத்துக் கடையருகே நின்றோம். ஏகப்பட்ட இதழ்களுக்கு நடுவில் வெயில்பூவும் தொங்கியது. அப்படியொரு இதழ் இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது. சாலையின் மறுபக்கம் ஒரு பேருந்து வந்து நின்றது. ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டது.

"அந்த வெயில்பூ ஒண்ணு குடுங்க."

வயதான அம்மாவின் குரல். கடைக்காரர் எடுத்துக்கொண்டு ஓடினார்.

இவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"பஸ்ஸுக்குள்ளேர்ந்து படிச்சுட்டாங்க, பாத்தீங்களா?"