மேனேஜர் எறிந்த பேட்டரி

தொண்ணூறுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். மில்லில் இருந்த ஒரே லேப்டாப் மேனேஜருடையது. அதன் பேட்டரி சூடேறிக் கூடு நெளிந்துபோனதால் மதுரைக் கடையிலிருந்து புதியது வந்தது. பழையதைத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்றார் கடைக்காரர். பேட்டரி தன் பொறுப்பில் இருப்பதாகவும் அனுப்பிவைப்பதாகவும் மேனேஜர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாளின் நகல் என் ஃபைலில் இருந்தது.

"சார், முனையில டேப் ஒட்டி, மணல் போட்ட டப்பாவுல வச்சு அனுப்பிருவோம். தீப் பக்கம் போகக் கூடாது, ஓட்ட விழக் கூடாது" என்றேன்.

ஆபீசில் எட்டுப் பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னால் மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஏட்டி, பேட்டரிக்குப் பிரசவமா பாக்கப்போற? போயி டைப் அடி." பேட்டரியைக் குப்பைக்கூடையில் எறிந்தார். குனிந்து நானே எடுத்திருக்கலாம். ரோஷம் விடவில்லை.

மறுநாள் காலை, மம்சாபுரத்திலிருந்து வந்து ஆபீஸ் கூட்டும் அக்கா வழக்கம்போல் குப்பையைக் கொளுத்தினாள். வெடிச்சத்தம் கேட்டு ஓடினோம். அவளுடைய வலது கை முழங்கைவரை வெந்திருந்தது.

"காயலான் கடையில போடலாம்னு திருடி, ஒடைக்கத் தெரியாம எரிச்சிருக்கா" என்று முதலாளியிடம் சொன்னார் மேனேஜர். எட்டுப் பேரும் வாய் திறக்கவில்லை.

அன்றே நான் நகலைக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. தனியறையில் நாலு திட்டு வாங்கிக்கொண்டு தப்பிவிடுவார். யார் முன்னால் என்னைப் பார்த்துச் சிரித்தாரோ, அவர்கள் முன்னாலேயே அவர் தலை குனிய வேண்டும். ஆயுத பூஜைக்குப் பத்து நாள் இருந்தது. தினமும் புன்னகையோடு வணக்கம் சொல்லிக் காத்திருந்தேன்.

பூஜையன்று மொத்த மில்லும் கூடி நிற்க, தாளை முதலாளி கையில் கொடுத்து நடந்ததை உரக்கச் சொன்னேன். "இவுக எல்லாரும் பாத்தாக."

ஸ்டோர்காரர் முதலில் "ஆமா முதலாளி" என்றார். பிறகு மற்றவர்களும்.

"கையெழுத்து ஒம்மதுதான?" என்று கேட்டார் முதலாளி. மேனேஜருக்குக் கழுத்து வியர்த்து, பூசியிருந்த சந்தனம் வழிந்தது. மறுநாளே அவரைப் பஞ்சுக் குடோனுக்கு மாற்றிவிட்டார்கள். ஆபீசுக்கு மணல் டப்பாவும் வந்தது.

பூரிப்போடு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய் அக்காவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"அந்தத் தாளு பத்து நாளா ஒங்கிட்டயா இருந்துச்சு?"

"ஆமாக்கா."

"பக்கத்துக் கட்டில்காரி சுருக்குப்பைய ஒளிச்சு வச்சுக்கிட்டுப் படுத்தா. எம் மாமியா எட்டிக்கூடப் பாக்கல. கைய எரிச்சது அவன். பத்து நாளு என்னயக் களவாணியா வச்சிருந்தது நீ."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

குடோனைக் கடக்கும்போதெல்லாம் மேனேஜர் பஞ்சுத் தூசியில் இருமுவது கேட்கும். பொய் சொல்ல மாட்டேன், கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. கை ஆறி வேலைக்கு வந்த அக்கா என் மேசையடியை மட்டும் விட்டுவிட்டுக் கூட்டினாள். அந்த மில்லை விட்டு விலகும்வரை அந்த இடத்தை நானே கூட்டிக்கொண்டேன்.