போதும் என்றால் நிற்கும் வகுப்பு

“நம்ம கராத்தே ரஹ்மத் மாஸ்டர் மௌத்தாயிட்டாவ அண்ணாச்சி” என்று கடையநல்லூரிலிருந்து அவர் இறந்த செய்தி போனில் வந்தபோது மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். பேத்தி இசக்கியிடம் எப்படிச் சொல்வேன்? என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

அவரிடம் பிள்ளைகளை அனுப்பிய உங்களுக்காக எழுதுகிறேன். இந்த வருடம்தான் எழுத்துக் கற்றேன். மெதுவாகத்தான் வருகிறது. ஆனாலும் அவர் பெயரை என் கையாலேயே எழுதுவதில், இந்தத் துக்கத்திலும் ஒரு சந்தோஷம்.

இசக்கி வாய் திறக்காத பிள்ளை. பள்ளி வேனில் பின்னால் இருப்பவன் சடையை இழுப்பான். அழுவாளே தவிர, விடு என்று சொல்ல மாட்டாள். அதனால்தான் சங்கரன்கோவிலில் கராத்தே வகுப்பு தேடி அலைந்தேன். ஓரிடத்தில் வாசல் முழுக்கக் கோப்பைகள். ஒரே வருடத்தில் கறுப்பு பெல்ட் தருவதாகச் சொன்னார்கள். உள்ளே எட்டிப் பார்த்தேன், கதவைச் சாத்திவிட்டார்கள்.

ரஹ்மத் மாஸ்டரோ நாற்காலி எடுத்துப் போட்டார். “என்ன அண்ணாச்சி, பொம்பள மாஸ்டரான்னு யோசிக்கீயளா? இங்கன உக்காந்து நாலு நாள் பாருங்க. பாக்க விடாத எடத்துல பிள்ளைய விடாதீய” என்றார்.

அவர் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பிள்ளை கையைத் தூக்கிப் ‘போதும்’ என்றாலும் எல்லாரும் அப்படியே நிற்க வேண்டும். மாஸ்டரும்தான்.

இசக்கி முதன்முதலாகச் சண்டைப் பயிற்சிக்கு இறங்கிய அன்று, பெரிய பிள்ளை ஒருத்தி அவளைச் சுவர்வரை தள்ளிக்கொண்டு போனாள். நான் எழுந்து கத்தினேன். “ஏட்டி, திருப்பி அடி! ரெண்டு வாங்குனாத்தான் ரோசம் வரும்!”

இசக்கியின் கை உயர்ந்தது. “போதும்.” கொசு மாதிரிக் குரல்தான். வகுப்பே நின்றது. வேறொரு பிள்ளைக்கு உதை காட்டிக்கொண்டிருந்த மாஸ்டர் தூக்கிய காலோடு நின்றார். நான் மட்டும் நிற்கவில்லை. “எதுக்கு நிறுத்துதீய? அடிக்கட்டும்!”

“அண்ணாச்சி, போதும்னது ஒங்களுக்கும்தான். வாய மூடுங்க, எனக்குக் கால் வலிக்கு.”

எல்லாரும் சிரித்தார்கள், இசக்கியும்.

பிறகு என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். “அவ சொல்லுக்கு மொதல்ல நாம நிக்கணும் அண்ணாச்சி. நாமளே நிக்காட்டா, வெளிய எவன் நிப்பான்னு அவ வாயத் தொறப்பா?”

கொஞ்ச நாளில் வேன் டிரைவர் எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். “ஒங்க பேத்தி அந்தப் பயலப் பாத்து போதும்னு போட்ட சத்தத்துல, நான் பிரேக்கப் போட்டுட்டேன் தாத்தா!”

இப்போது வீட்டிலும் கை தூக்குகிறாள். நான் பேச்சை நீட்டினால் “போதும் தாத்தா” என்பாள். உடனே நின்றுவிடுவேன். ரஹ்மத் மாஸ்டரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான், பிள்ளை சொன்னால் நிற்பது.

நேற்று மாஸ்டரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். வெகுநேரம் பேசினேன். இசக்கி கையைத் தூக்கவே இல்லை.